கேம் கடைப் போர்டும் அதைப் படித்தவர்களும்

பனியன் விற்கிறவன் பனியனை விற்றால் போதும். வீடியோ கேமை வாடகைக்கு விடுகிறவன் அதைப் பற்றி நாலு வார்த்தையும் சேர்த்துத் தர வேண்டும், அந்த நாலு வார்த்தையில்தான் அவன் தலை உருளும்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் திருப்பூரில் ஜாபர் பாயின் வீடியோ கேம் கடையில் இருந்தேன். அதற்கு முன்னால் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த பீஸைத் திருப்பிப் போட்டு, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, பாஸ், ரிஜெக்ட் என்று பிரித்துப் போட வேண்டும். ஷிப்மெண்ட் அவசரத்தில் ரிஜெக்டையும் பாஸ் பக்கம் தள்ளச் சொன்னார் சூப்பர்வைசர். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். “உங்க கண்ணையும் ஒருக்கா செக்கிங் பண்ணிக்கங்க” என்று சொல்லிவிட்டேன். மறுநாள் வேலை இல்லை.

பனியன் வேஸ்ட் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஜாபர் பாய்தான் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். கையில் இருந்த முதலையெல்லாம் போட்டு, டிவியோடு இணைத்து ஆடும் கேம் செட்டுகளும் கேசட்டுகளும் மெட்ராஸிலிருந்து வாங்கி வந்து நாள் வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தார். கேசட்டின் மேல் ஒட்டியிருக்கும் படத்தில் ஒரு வீரன் நெருப்புக்கு நடுவே பாய்ந்து வருவான். செட்டில் சொருகினால் ஒரு சின்னக் கட்டம் இன்னொரு சின்னக் கட்டத்தைத் துரத்திக்கொண்டிருக்கும். எடுத்துப் போனவர்கள் திரும்பி வந்து கத்துவார்கள். பாய் யோசித்துவிட்டு, “துணியவே பாஸு ரிஜெக்ட்டுன்னு பிரிச்சவருங்க நீங்க. கேமையும் ஆடிப் பாத்து வாசல்ல எழுதி வெச்சுருங்க தம்பி” என்றார். அப்படித்தான் கடை வாசலில் ஒரு கரும்பலகை வந்தது. ஊரே அதைப் போர்டு என்றது. நான் விமர்சகன் ஆனேன்.

கடை நெருப்பெரிச்சல் ரோட்டில் இருந்தது. அந்த வரிசைக் கடைகளும் பின்னாலிருந்த லைன் வீடுகளும் ராசப்பண்ணனுடையவை. பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ளவர். சாவியைக் கொடுக்கும்போதே, “பசங்க கெட்டுப் போறாங்கன்னு ஒரே ஒரு ஆளு வந்து சொன்னாலும் சாவியைத் திருப்பி வாங்கிக்குவனுங்க” என்று சொல்லியிருந்தார். தினமும் காலையில் டீ குடித்துவிட்டு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதடு அசைய அசையப் போர்டை முழுக்கப் படிப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். அப்படியே போய்விடுவார். திட்டுகிறவரைக்கூடச் சமாளிக்கலாம், இவரை எப்படிச் சமாளிப்பது? சாவி போனால் பாயின் முதல் போகும். நான் மறுபடி அதே சூப்பர்வைசர் முன்னால் போய் வேலை கேட்டு நிற்க வேண்டும். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பிழைத்த சக பாவிகளே, இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ரிஜெக்ட்

முதல் வாரமே ஒரு ஹெலிகாப்டர் கேம் வந்தது. இடது பக்கம் அழுத்தினால் வலது பக்கம் போகும். மலையைத் தாண்டும் நேரம் பார்த்துத் திரை உறைந்து நின்றுவிடும். இப்படி ஒரு கேமைச் செய்தவனைக் கட்டி வைத்து இதையே ஆடச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆத்திரம். பழைய வேலைப் பழக்கத்தில் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: ‘ஹெலிகாப்டர் கேம் - ரிஜெக்ட்.’

அன்றைக்குச் சனிக்கிழமை, கம்பெனிகளில் சம்பள நாள். சாயங்காலம் கடை வாசலில் கூட்டம் நெருக்கியது. எல்லோருக்கும் அந்த ஹெலிகாப்டர் வேண்டும். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊரில் ரிஜெக்ட் என்றால் மட்டம் என்று பொருள் கிடையாது. வெளிநாட்டுக்குத் தைத்த சட்டையில் பட்டன் நூலின் நிறம் துளி மாறினாலும் சரக்கு வாங்குகிற பையர் தள்ளிவிடுவார். அது காதர்பேட்டைக் கடைகளுக்கு வந்தால் ஜனம் அடித்துப் பிடித்து வாங்கும். எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற ஊர் இது. “வேண்டாங்க, நெசமாவே நல்லா இல்லீங்க” என்று நான் கெஞ்சக் கெஞ்ச, வேண்டியவர்களுக்கு ஒளித்து வைக்கிறேன் என்று சந்தேகப்பட்டார்கள். இரண்டு பேர் கேசட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். பாய் நடுவில் புகுந்து ஒருவருக்குக் கொடுத்து அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த மனிதர் தெருவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சரியாக அந்த நேரம் பார்த்து ராசப்பண்ணன் டீக்கடையிலிருந்து வந்துகொண்டிருந்தார். பாய் என் முகத்தைப் பார்த்தார், நான் ஆணியில் தொங்கிய கடைச் சாவியைப் பார்த்தேன். “என்னங்க சத்தம்?” என்றார் ராசப்பண்ணன். வந்தவர் கேசட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ரிஜெக்ட்டுன்னு எழுதிப் போட்டு நெசமாவே மட்டமானதைக் குடுத்தா, அப்பறம் மனுசன் எதைத்தானுங்க நம்பறது?”

பாறைக்குழி

தன் பையனுக்குக் கேம் எடுக்க வரும், பேக்கிங் வேலை பார்த்த சரோஜாக்கா போர்டை வேறு மாதிரிப் படிப்பார். நான் படம் தெளிவு, சத்தம் இனிமை என்றெல்லாம் எழுதியிருப்பேன். அவர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, “இது எத்தனை நேரம் ஓடுமுங்க?” என்பார். சினிமாவா என்ன, நேரம் கேட்க? எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓவர்டைம். காலையில் அவசரமாக வந்தவரிடம், என் தொழில் கர்வத்தில், இருப்பதிலேயே நல்ல கேம் என்று ஒரு கார் ரேஸை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவு நேர்த்தியான கேம். ஒரே குறை, கை தேர்ந்தவன் சீக்கிரமே முடித்துவிடலாம்.

மத்தியானம் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார். “ஏனுங்க, பையன் ஊட்டுல இல்லீங்க. டிவி மட்டும் ஓடுதுங்க.” அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கல் எடுத்துவிட்டு அப்படியே விட்ட பாறைக்குழி, மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. போன மழைக்குத்தான் பக்கத்து வீட்டுப் பையன் அதில் மூழ்கிப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த அம்மாள் எதற்காக நேரம் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். பாய் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார். பையன் குழியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தான். சட்டையைக் கழற்றிப் பாறை மேல் வைத்திருந்தான். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். “கேம் முடிஞ்சுருச்சுங்க” என்றான் அவன், ஏதோ நான் கணக்குக் கேட்டது மாதிரி.

மறுநாள் காலை கேசட்டைத் திருப்பித் தர வந்தார் சரோஜாக்கா. ராசப்பண்ணன் போர்டு முன்னால் நின்றிருந்தார். ‘உங்க கடையால என் பையன் சாகப் பாத்தான்’ என்று அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. அவர் ராசப்பண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேசட்டை மேஜை மேல் வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“அவன் ஊட்டுக்குள்ள இருந்தாப் போதுமுங்க. கேம் நல்லா இருந்து எனக்கு என்னங்க ஆகோணும்?”

ஞாயிற்றுக்கிழமை ஒண்ணுதான்

அதற்குப் பிறகு போர்டில் ஒவ்வொரு கேமுக்கும் எவ்வளவு நேரம் ஓடும் என்று எழுத ஆரம்பித்தேன். அம்மாக்களுக்கு என் மேல் மதிப்பு உயர்ந்தது. கோட்டைக்குள் புகுந்து அரக்கனைக் கொல்லும் ஒரு கேமுக்கு, ‘நாள் முழுதும் ஓடும். கடைசிக் கட்டம் அபாரம், தவறவிடாதீர்கள்’ என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு வந்தது அம்மா இல்லை, சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த டெய்லர். ராசப்பண்ணனின் லைன் வீட்டில் ஒரே அறையில் கூட்டாளிகளோடு இருந்தார்.

அவர்கள் அந்தக் கேமைக் கம்பெனி வேலை மாதிரியே ஆடினார்கள். விடிந்ததும் ஒருவர் உட்கார்ந்தார், அவர் கை ஓய்ந்ததும் அடுத்தவர். ஒருவர் ஆட, ஒருவர் அவருக்குச் சோறு ஊட்டினாராம். ஷிப்டு மாறும்போது யாரும் எழுந்து வெளியே போகவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். “அபாரம்னு எழுதினவரு வந்து பாக்கட்டும்” என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். போனேன். அறையில் மூச்சு விட இடமில்லை. அரக்கனுக்கு இன்னும் இரண்டு அடி பாக்கி. சுடலைமுத்துவின் கட்டைவிரல் வீங்கியிருந்தது. ஒரு அடி விழுந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தோம்.

கரண்ட் போயிற்று.

அந்தக் கேமில் விட்ட இடத்தில் பிடிக்க முடியாது. செட் அணைந்தால் மறுபடி முதல் வாசலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இருட்டில் யாரோ தீப்பெட்டியைத் துழாவுகிற சத்தம். கரண்டை நானே பிடுங்கியதுபோல எல்லோரும் என் பக்கம் திரும்பியிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. வாசல் எந்தப் பக்கம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். கட்டிடக்காரர் ராசப்பண்ணன் காதுக்கு இது எந்த வடிவத்தில் போகும் என்றும் யோசித்தேன். சுடலைமுத்து தீக்குச்சியை உரசினார். வெளிச்சத்தில் அவர் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“முடிக்க முடியாத கேமுக்கு நல்லாருக்குன்னு எழுதாதீய அண்ணாச்சி, எங்களுக்கு ஞாயித்துக்கெழம ஒண்ணுதான இருக்கு.”

பையனும் பையரும்

ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜர் காரில் வந்து இறங்கினார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து பையர் வந்திருக்கிறார், சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே சின்னப் பையனைக் கூட்டி வந்திருக்கிறார். பையன் கெஸ்ட் ஹவுஸில் சாப்பிடாமல் அழுகிறான், ஊருக்குப் போகலாம் என்கிறான். பையரும் டிக்கெட்டை மாற்றலாமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். “அந்தப் பையன் சிரிச்சாத்தானுங்க எங்க கம்பெனி பொழைக்கும். நீங்கதான் எழுதறவராமா, ஒண்ணு சொல்லுங்க” என்றார். என் வாழ்க்கையில் இவ்வளவு கனமான விமர்சனம் நான் செய்ததில்லை. மொழி தேவையில்லாத, சண்டை இல்லாத, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் கேம் ஒன்றைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, போர்டில் ஒரு வரிகூட எழுத ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அதே கார், அதே மேனேஜர், இன்னும் அதிக வியர்வை. பையன் அழுகிறானா என்று கேட்டேன். இல்லையாம், நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறானாம். கம்பெனியில் பெட்டிகள் பிரித்து வைத்தது வைத்தபடி இருக்கிறதாம், பார்க்க ஆள் வரவில்லையாம். “நீங்களே வந்து, வாடகை முடிஞ்சுதுன்னு சொல்லிச் செட்டைக் கழட்டிட்டுப் போயிருங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பையனுக்குன்னு கொண்டுட்டுப் போனமுங்க, இப்ப பையருதான் எந்திரிக்க மாட்டேங்கறாரு!”

குண்டு

அடுத்து வந்தது குண்டு கேம். சுவர்கள் நிறைந்த பாதையில் ஒரு குட்டி ஆள் குண்டை வைத்துவிட்டு ஓடி ஒளிய வேண்டும். சுவர் உடைந்தால் வழி பிறக்கும். என் கைக்கு வந்ததிலேயே குறை சொல்ல முடியாத கேம் அதுதான். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், சரோஜாக்கா கேட்கிற அளவு நேரம் ஓடும், சுடலைமுத்து கேட்கிற மாதிரி இடையில் நிறுத்தினாலும் நஷ்டமில்லை. எல்லோரையும் ஒரே போர்டில் திருப்திப்படுத்தப்போகிற சந்தோஷத்தில் எழுதினேன்: ‘வந்துவிட்டது! குண்டு வைக்கச் சரியான இடம் பார்ப்பதுதான் இதில் சூட்சுமம். வைத்துவிட்டு ஓடத் தெரிய வேண்டும். குடும்பத்தோடு செய்யலாம். விவரங்களுக்கு உள்ளே ஜாபர் பாயை அணுகவும்.’

பக்கத்து நகரத்தில் குண்டுகள் வெடித்திருந்த நாட்கள் அவை, எங்கள் வட்டாரத்தில் அந்த ஒரு சொல்லை பஸ்ஸில்கூட யாரும் உரக்கச் சொல்லமாட்டார்கள். கேட்பாரற்றுக் கிடந்த டிபன் கேரியரைப் பார்த்தே ஜனம் சிதறிய காலம். பாய் மாதிரி ஆட்களின் பெயரைக் கேட்டதும் வீடு வாடகைக்கு இல்லை என்று சொன்ன காலமும்கூட. என் மண்டையில் அது ஏறவே இல்லை. எனக்கு அது கேம், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். “யாருய்யா ஜாபர்?” என்றார் ஒருவர். “மெட்ராஸ் போயிருக்கறாருங்க.” “எதுக்கு?” “சரக்கு எடுக்கறதுக்குங்க.” “என்ன சரக்கு?” நான் சொன்னது அத்தனையும் உண்மை. ஒவ்வொரு உண்மைக்கும் அவர் முகம் இறுகிக்கொண்டே போயிற்று. ஆடிக் காட்டுகிறேன் என்று கேசட்டைச் சொருகினேன். திரையில் கோடு கோடாக வந்தது. எடுத்து வாயால் ஊதிவிட்டு மறுபடி சொருகினேன். மறுபடியும் கோடு. எதிர்க்கடைக்காரர்கள் ஷட்டரை இறக்குகிற சத்தம் கேட்டது. பாய் மதியம் பஸ்ஸை விட்டு இறங்கி இந்தக் கூட்டத்துக்குள் நடந்து வருவார் என்பதை நினைத்தேன். அவருக்கு வீட்டில் சின்னச் சின்னப் பெண் குழந்தைகள்.

அப்போது ராசப்பண்ணன் வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டி, போர்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். சாவி போயிற்று, அது போனாலும் பரவாயில்லை, பாயை விட்டால் போதும் என்று இருந்தது எனக்கு. படித்து முடித்துப் போலீஸ்காரரிடம் திரும்பினார். “இது பசங்க வெளையாட்டுங்க. குண்டு செவுத்தைத்தான் ஒடைக்குமுங்க. ஓடாம நின்னா வெச்சவனே செத்துப் போவானுங்க. நேத்து லைன் ஊட்டுல பசங்க ஆடறப்ப நாந்தான் பாத்துட்டு இருந்தனுங்க. பாய் நம்ம ஆளுங்க.” நான் மூன்றாவது முறை ஊதிச் சொருகிய கேசட்டும் அப்போதுதான் மனமிரங்கி ஓடியது. போலீஸ்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். போர்டை அழிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மதியம் வந்த பாயிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அழித்த போர்டில் லேசாகத் தெரிந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தோள் துண்டை நனைத்து, அந்த மிச்சத்தையும் துடைத்தார்.

“நீங்க எழுதுனா அது விமர்சனமுங்க தம்பி. அதே எழுத்து எம் பேரோட இருந்தா வாக்குமூலமுங்க.”

சாவி

அதற்குப் பிறகு ராசப்பண்ணன் எங்களுக்குக் குலதெய்வம் மாதிரி ஆகிவிட்டார். வாசலோடு நிற்காமல் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார ஆரம்பித்தார். சனிக்கிழமை எந்தக் கேம் அதிகம் போகிறது, அம்மாக்கள் எதை எடுப்பார்கள், டெய்லர்கள் எதை எடுப்பார்கள், மெட்ராஸில் எந்தத் தெருவில் சரக்கு எடுப்பது என்று கேட்பார். நாங்கள் பூரித்துப் போய் எல்லாவற்றையும் சொன்னோம். எந்தப் போர்டை யார் எப்படிப் படிப்பார்கள் என்று அவருக்கு நான் வகுப்பே எடுத்தேன். ஒரு புகாரும் இல்லாமல் வருடம் ஓடியது. சாவி பயம் விட்டுப்போயிற்று.

தை பிறந்ததும் வீட்டுக்கு வரச் சொன்னார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத்தான் என்று பாய் ஒரு பாக்கெட் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டார். காப்பி வந்தது. குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, “சாவி வேணுமுங்க” என்றார் ராசப்பண்ணன். பாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏனுங்க, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?” என்றார். “ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலீங்க. என்ற மாப்பளை சும்மாத்தானுங்க இருக்கறாரு. அவருக்கு இதே தொழிலை வெச்சுக் குடுக்கலாம்னுங்க. தம்பி எழுதறதைத் தெனமும் படிச்சுப் படிச்சு எனக்கே ஆசை வந்துருச்சுங்க.”

ஒருவன் ஒரு சந்தில் பனியன் கம்பெனி வைத்து நன்றாக ஓடினால், அடுத்த வருடம் அந்தச் சந்து முழுக்கப் பனியன் கம்பெனி. எங்கள் ஊரில் இது துரோகத்தில் சேர்த்தியில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபத்தில் காது அடைத்தது. அவர் குற்றம் கண்டுபிடிக்கத்தான் படிக்கிறார் என்று நினைத்து, அந்த ஒரு ஆளுக்காகவே ஒவ்வொரு வரியையும் அடித்துத் திருத்தி எழுதியவன் நான். அவர் என் பக்கம் திரும்பி, “நீங்க எங்கயும் போக வேண்டாமுங்க தம்பி. இங்கயே இருந்து மாப்பளைக்கு எழுதிக் குடுங்க” என்றார், உண்மையான பிரியத்தோடு. பாய் மடியில் இருந்த பேரீச்சம்பழப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரு என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நான் எழுந்து நின்று, “நான் பாயோடயே போயிக்கறனுங்க” என்றேன். நாக்கு நீளமான எனக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. பாய் பேரீச்சம்பழத்தை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தார்.

பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கோழித் தீவனக் கடைக்குப் பக்கத்தில் ஒரு இடம் கிடைத்தது. கேசட்டுகளைப் பனியன் அட்டைப் பெட்டிகளில் கட்டித் தனியார் பஸ்ஸில் ஏற்றினோம். டிரைவர் யாரையோ பழிவாங்கப் போகிறவர் மாதிரி ஓட்டினார். பெட்டி சாயாமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். புதுக் கடைக்கு என்ன எழுதலாம் என்று நான் கேட்டேன். பாய் தன் பக்கத்துப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்.

“அங்க கொஞ்சம் சுமாராவே எழுதுங்க தம்பி. படிக்கறவங்களுக்கு கேம் பிடிக்கோணும், கட்டிடக்காரருக்குக் கடை பிடிச்சுறக் கூடாது.”

இப்போதும் யாராவது வந்து, நீங்கள் எழுதுவதை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறேன் என்று சொன்னால், நன்றி சொல்வதற்கு முன்னால் என் வாடகை ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.